கொலஸ்ட்ரால் டெஸ்டில் ஒளிரும் சாயம் ஏற்றுகிறார்களா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தி, லிப்பிட் டெஸ்டுக்கு (ரத்தத்தில் கொலஸ்ட்ரால், கொழுப்பு அளவைப் பார்ப்பது) போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். காரணம், ஒரு வாட்ஸ்அப் செய்தி: ‘கொலஸ்ட்ரால் டெஸ்டில் ஒளிரும் சாயத்தை உடம்பில் ஏற்றுகிறார்கள், அது ரத்தக்குழாயில் ஒட்டிக்கொள்ளும்.’ கூடவே ஆரஞ்சுப் புள்ளிகள் மின்னும் ஒரு படம்.

இது தவறு. லேப் ஊசி ரத்தத்தை எடுக்கத்தான் செய்யும், எதையும் ஏற்றாது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் என்ற மஞ்சள் நீரில் நொதிக் கரைசலைக் கலப்பார்கள், அது இளஞ்சிவப்பாகும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று மெஷின் அளந்து, அதிலிருந்து கொலஸ்ட்ரால் அளவைச் சொல்லும். அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் படம்? அந்த மாதிரிப் படங்கள் ஆய்வகத்தில் எடுக்கப்படுபவை. கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்களை ரத்தத்திலிருந்து தனியே பிரித்து, டை-ஐ (DiI) போன்ற, கொழுப்பில் ஒட்டி ஒளிரும் சாயத்தை அந்தத் துகள்களில் ஏற்றுவார்கள். துகள் ஒன்றின் குறுக்களவு 20 நானோமீட்டர் சொச்சம்தான். வெறும் நுண்ணோக்கியில் சிக்காது. கிண்ணத்தில் வளரும் செல்களுக்கு அவற்றைக் கொடுத்துப் பச்சை ஒளி பாய்ச்சினால், செல் விழுங்கிய துகள்கள் ஆரஞ்சாக மின்னும். செல்லின் மேலிருந்து எல்டிஎல்லைப் பிடிக்கும் புரதமான ஏற்பியைக் கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

விழித்திரைப் பரிசோதனையில் சாய ஊசி போடுவது உண்டு. அது வேறு சாயம், சிறுநீரில் வெளியேறிவிடும்.