பாதி சக்தி என்பது பாதிக் கதைதான்

சிங்கப்பூரின் சிலேத்தார் விமான நிலையத்தில் ஏடிஆர் என்ற இரட்டை இன்ஜின் பயணிகள் விமானத்தில் ஏறிய அனுபவத்தை எழுதிய ஓர் அண்ணன், "ஒரு இன்ஜின் நின்றாலும் பாதி சக்தி இருக்கும், விமானி உடனே அதை அணைத்தால் போதும்" என்கிறார். பயணிகளின் பயத்தைப் போக்கும் நல்ல எண்ணம் புரிகிறது. ஆனால் அந்த "உடனே"தான் ஆபத்து.

2015 பிப்ரவரி 4, தைப்பே. டிரான்ஸ்ஏசியா விமான நிறுவனத்தின் ஏடிஆர் 72 மேலெழும்பியதும் வலப்பக்க இன்ஜினின் உந்துவிசை போனது. விமானி அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடப்பக்க இன்ஜினை அணைத்துவிட்டார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

ஒரு இன்ஜின் போனால் முதல் வேலை விமானத்தை நேராகப் பிடிப்பது. அது செயலிழந்த இன்ஜின் பக்கமே திரும்பும். எதிர்ப்பக்க ரடர் பெடலை, அதாவது வாலில் உள்ள திருப்பும் தகட்டை அசைக்கும் பெடலை, மிதிக்க வேண்டும். மிதிக்காமல் சும்மா இருக்கும் கால் எந்தப் பக்கமோ, அந்த இன்ஜின்தான் போயிருக்கிறது. அதையும் இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மெல்லக் குறைத்து உறுதி செய்த பிறகே அணைப்பார்கள். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரடர் முழுதாக மிதித்தாலும் போதாது, விமானம் பக்கவாட்டில் புரண்டுவிடும்.

அப்புறம் அந்தப் "பாதி" கணக்கு. மட்டமாகப் பறக்கத் தேவையானது போக மிஞ்சும் சக்தியில்தான் விமானம் ஏறுகிறது. அதனால் சிறிய இரட்டை இன்ஜின் விமானங்களில் ஒரு இன்ஜின் நின்றால் ஏறும் திறனில் 80 விழுக்காடோ அதற்கு மேலோ போய்விடும். ஏடிஆர் அப்படியல்ல, ஒற்றை இன்ஜினிலும் ஏறும் என்று நிரூபித்த பிறகே அதற்குச் சான்றிதழ் கிடைக்கிறது.