வெள்ளை மணல் வேண்டுமென்றால் வசதி கேட்காதீர்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் ஆளில்லாத கடற்கரைகள் இன்னும் மிச்சமிருக்கின்றன. சதுரங்கப்பட்டினம், பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய குப்பங்கள், கடப்பாக்கம், ஆலம்பரைக்கோட்டை என்று துண்டு துண்டாக. சென்னையிலிருந்து அங்கே போய்வருகிற பலர் ஊர் திரும்பியதும் ஒன்றையே சொல்கிறார்கள்: "இடம் அருமை, ஆனால் ஒரு டீக்கடைகூட இல்லை. அரசாங்கம் டெவலப் பண்ணலாமே."

பண்ணக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் அதைச் சொல்லும் உரிமை வேண்டுமென்றால், அங்கே இல்லாததை எல்லாம் நாமே தூக்கிக்கொண்டு போகவும், மிச்சத்தை நாமே திருப்பித் தூக்கி வரவும் தயாராக இருக்க வேண்டும்.

முதலில் மணல். அந்தமானிலும் லட்சத்தீவிலும் பார்க்கும் வெள்ளை, பவளமும் சிப்பியும் உடைந்து தேய்ந்த சுண்ணாம்பு மணல். அலகால் பவளத்தைக் கடித்துத் தின்னும் மீன்கள் வெளியேற்றுகிற கழிவும் அதில் கணிசமாக உண்டு. நம் கரை வேறு. ஆறுகள் கொண்டுவந்த குவார்ட்ஸ் மணல்தான் இங்கே பெரும்பங்கு. அதோடு கறுப்பு இல்மனைட்டும் சிவப்புக் கார்னெட்டும் கலந்து வருகின்றன. இவை கனமான கனிமங்கள். அலை ஏறி இறங்கும் இடத்தில் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகப் படிந்திருப்பது இவைதான். காற்று அடிக்கும்போது இலேசான குவார்ட்ஸ் மணிகள் பறந்து மேலே போகின்றன, கனமானவை கீழேயே தங்கிவிடுகின்றன. அதனால் நம் கடற்கரையில் மிக வெளுத்த மணல் இருக்குமிடம் நீர் விளிம்பு அல்ல, அதற்கு மேலே காற்று சேர்த்துவைத்த மணல்மேடு.

அந்த மேட்டைப் பிடித்து நிறுத்துபவை அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும். ஓடிவரும் மணல் இவற்றில் தடுக்கப்பட்டு விழுகிறது, கொடி அதன்மேல் மறுபடி வளர்கிறது, மேடு உயர்கிறது. ஒரே தடத்தில் நூறு பேர் ஏறி இறங்கினால் கொடி அறுந்து பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் காற்று புகுந்து இரண்டு பக்கமும் மணலை வாரிக்கொண்டு போய்விடும். மேட்டின் அடியில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து தேங்கி நிற்கிறது. கடலுக்கு இத்தனை அருகில் குப்பத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் கிடைப்பது அதனால்தான். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011-லும் சரி 2019-லும் சரி, மணல்மேடுகளையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களையும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில்தான் வைத்திருக்கிறது. ஆனாலும் ஒரு கடற்கரைக்கு "வசதி" வரும்போது முதலில் பொக்லைன் இறங்குவது இந்த மேட்டில்தான். கார் நிறுத்த, நடைபாதை போட, கடல் தெரிகிற மாதிரி ரெஸ்டாரண்ட் கட்ட என்று எதற்கும் சமதளம் வேண்டுமே. எந்த வெள்ளை மணலைப் பார்க்கப் போனோமோ அதை வெட்டித்தான் அங்கே வசதி செய்ய முடியும். கழிப்பறை, குளியலறை, உயிர்காப்பாளர் எல்லாம் வேண்டும் என்பவர்களுக்கு சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021-ல் பெற்ற கோவளம் வழியிலேயே இருக்கிறது. குழந்தைகளோடு கடலில் இறங்கி ஆட ஆசைப்படுபவர்கள் அங்கேயே நின்றுகொள்வது நல்லது.

எப்போது போவது? ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் அலை கரையை அரித்துச் செங்குத்தாக்கிவிடும், நிற்கவே இடமிருக்காது. எந்த மாதமானாலும் விடியும்போது அங்கே இருக்க வேண்டும். மே கடைசியில் சென்னையில் சூரியன் 5:45-க்கு முன்பே எழுந்துவிடும், ஜனவரியில் 6:30 தாண்டும். காலையில் நிலத்திலிருந்து கடல் பக்கமாகக் காற்று வீசுவதால் அலை படிந்து கிடக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று ஏறியதும் கடல் கொந்தளிக்கும், மணல் வெறுங்காலால் மிதிக்க முடியாதபடி சுடும். பத்து, பத்தரைக்குக் கிளம்பிவிடுவதாகத் திட்டமிடுங்கள். புறப்படுமுன் ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். வானம் தெளிவாக இருக்கிற நாளிலும் தொலைதூரப் புயல் எழுப்பிய நெட்டலை வந்து அடிக்கும்.

இனி தண்ணீர். ஆளில்லாத கரைகளில் உயிர் போவது பெரும்பாலும் இதில்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நம் கரை சட்டென்று ஆழமாகும். இடுப்பளவில் நிற்பவர் இரண்டு அடி எடுத்து வைத்தால் தலைக்குமேல் தண்ணீர். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல்திட்டு ஒன்று ஓடும், அலை முதலில் உடைவது அதன்மேல். உடைந்து உள்ளே வந்த நீர் திட்டுக்கும் கரைக்கும் நடுவே தேங்கி, திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அந்த வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. அதுதான் இழுப்பு. வலுத்த நேரத்தில் அதன் வேகம் நொடிக்கு 2 மீட்டரைக்கூடத் தாண்டும், நன்றாக நீந்துபவராலும் எதிர்த்து வர முடியாது. ஆளைக் கீழே அமிழ்த்தாது, வெளியே கொண்டுபோகும். கரைக்கே திரும்ப வேண்டுமென்று எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்தான் மூழ்குகிறார்கள்.

அதைக் கண்டுபிடிக்க, மேட்டுக்குப் பக்கத்தில் உயரமான இடத்தில் நின்று பதினைந்து நிமிடம் கடலை மட்டும் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கறுத்தோ மணல் கலங்கியோ தெரிகிறதா? நுரை அந்த வழியாக வெளியே நகர்கிறதா? அதுதான் இழுப்பு. புதிதாக வருகிறவர்கள் அலை குறைவாக இருக்கிறதென்று சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கருங்கல் தூண்டில் வளைவுகளை ஒட்டியும் இதே இழுப்பு இருக்கும், கல்லுக்குப் பக்கத்தில் போகவே வேண்டாம்.

கரையோரமாக ஓடும் நீரோட்டம் தனி. வடக்கிலிருந்து ஓடினால் வன்னி, தெற்கிலிருந்து ஓடினால் தெண்டி என்பார்கள் மீனவர்கள். காய்ந்த குச்சி ஒன்றை அலைக்குள் எறிந்துவிட்டுக் கரையில் கூடவே நடந்து பாருங்கள். அது உங்கள் நடையை முந்தினால் அன்று கால் நனைப்பதோடு சரி. மற்ற நாட்களிலும் முழங்காலுக்கு மேல் வேண்டாம் என்பதே என் கணக்கு.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, வடக்கோ தெற்கோ நீந்தி, அலை உடைகிற இடத்தை அடையுங்கள். அங்கிருந்து அலையே கரைப்பக்கம் தள்ளும். கரையில் இருப்பவர்கள் எக்காரணம் கொண்டும் பின்னால் குதிக்கக்கூடாது. ஒருவர் போன இடத்தில் மூன்று பேர் போவது இப்படித்தான். திருகுமூடி உள்ள 5 லிட்டர் காலி கேன் ஒன்றும் 20 மீட்டர் நைலான் கயிறும் கொண்டுபோங்கள். கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, அரை லிட்டர் தண்ணீர் மட்டும் ஊற்றி மூடிவையுங்கள். அந்தக் கனம் இருந்தால்தான் கேன் காற்றில் அலையாமல் தூரம் போய் விழும். மிதப்பவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அழுத்துவதும் இன்றும் நடக்கிறது. வேண்டவே வேண்டாம், வயிற்றிலுள்ள தண்ணீர் நுரையீரலுக்கு ஏறும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு 30 முறை நெஞ்சை அழுத்தி 2 முறை மூச்சு என்று விடாமல் தொடருங்கள். ஆம்புலன்ஸ் 108, தமிழகக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. ஆனால் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பவர் பக்கத்துக் குப்பத்து மீனவராகத்தான் இருப்பார். போனவுடன் அவர்களிடம் "அண்ணே, இன்னைக்குத் தண்ணி எப்படி?" என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். இறங்காதே என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

முகத்துவாரத்தைக் கால்நடையாகக் கடக்கக்கூடாது. கடல் வடியும் வற்றத்தின்போது உள்நீர் முழுவதும் அந்தக் குறுகிய வாய் வழியாகக் கடலுக்குப் பாயும், காலடி மணலும் சேர்ந்து நகரும். ஆலம்பரையில் கழிமுகத்துக்கு அப்பாலுள்ள மணல்திட்டுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். தலைக்கொரு உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடிநீர் தலைக்கு 3 லிட்டர், காலும் முகமும் கழுவ இன்னொரு லிட்டர். உப்புக்கரைசல் பொட்டலம் இரண்டு. புளியோதரை தாங்கும், தயிர்சாதம் வெயிலில் புளித்துவிடும். தட்டுக்கு வாழையிலை. நிழலுக்குக் குடை நிற்காது, காற்று பிடுங்கிவிடும். இரண்டு மூங்கில் கழியில் பழைய வேட்டியைக் கட்டலாம், ஆனால் மணலில் முளை அடித்தால் பிடிக்காது. துணிப்பையில் மணலை நிரப்பி, அதில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குறுக்காகப் புதைத்தால் பிடித்து நிற்கும். இதையெல்லாம் வெட்டவெளி மணலில் செய்யுங்கள், கொடி படர்ந்த மேட்டில் வேண்டாம். கரையில் நீலமாகப் பளபளத்துக் கிடக்கும் எதையும் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்துக் காய்ந்த சொறியும் (ஜெல்லி மீன்) கொட்டும். கொட்டினால் மணலால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள்.

வண்டி தார் ரோட்டோடு நிற்கட்டும். காய்ந்த மணலில் சக்கரம் சுழலச் சுழலப் புதையும், ஆக்சிலேட்டரை அழுத்தினால் அச்சுவரை இறங்கும். ஈரமணல் கெட்டியாக இருக்கிறதே என்று அதில் ஓட்டுபவர்கள் நீரேற்றத்தில் வண்டியை விடுவார்கள். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்த மணலில்தான் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் நூற்றுக்கும் மேல் முட்டை, ஆழம் ஏறக்குறைய ஒன்றரை அடி. மேலே எந்த அடையாளமும் இருக்காது. குஞ்சு வெளிவர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை அந்த மணலின் மேல் ஒரு கார் ஏறினால் போதும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் இந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை எல்லாரும் பார்த்தோம். இருட்டிய பின் டார்ச், கேம்ப்ஃபயர், புளூடூத் ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் ஆமை கரையேறாமல் திரும்பிவிடும், குஞ்சு கடலை விட்டு வெளிச்சத்தை நோக்கி நடக்கும்.

ஆளில்லாத கடற்கரை என்று நாம் சொல்வது அங்கே தொழில் செய்பவர்களின் களம். கரைவலை இழுக்கும்போது கயிற்றைத் தாண்டாதீர்கள், இறுகினால் ஆளையே தூக்கி எறியும். உலரும் வலையை மிதிக்கக்கூடாது. படகில் செருப்புக் காலோடு ஏறக்கூடாது. ஏலம் நடக்கையில் மீன்கார அம்மாக்களின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டாதீர்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

பஸ்ஸில் போகிறவர்கள் திருவான்மியூரில் ஈசிஆர் வழி புதுச்சேரி பஸ் ஏறலாம். எல்லாம் எல்லா ஊரிலும் நிற்காது, ஏறும் முன் கண்டக்டரைக் கேளுங்கள். சாலையிலிருந்து கடல்வரை பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடை, திரும்பும்போது நல்ல வெயில்.

கழிப்பறை இல்லாதது பெண்களுக்கு உண்மையான தடை. "இயற்கையை அனுபவி" என்று சொல்லி அதைத் தள்ளிவிடுவது நியாயமில்லை. வழியிலுள்ள பெட்ரோல் பங்க் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளாதபடி திட்டமிடுவதுதான் இப்போதைக்கு வழி. நான் கேட்கும் ஒரே வசதி இது. கடற்கரையில் அல்ல, தார் ரோடு முடியும் இடத்தில், மேட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு கழிப்பறையும் குப்பைத்தொட்டியும் வண்டி நிறுத்த ஒரு திடலும் போதும். திடலுக்கு ஊராட்சி கட்டணம் வாங்கட்டும். அந்தப் பணத்தில் கழிப்பறையைச் சுத்தம் செய்பவருக்கும், விடிகாலை முதல் கரையைக் கவனித்துக்கொள்ள அதே குப்பத்து மீனவ இளைஞர்கள் இருவருக்கும் சம்பளம் கொடுக்கலாம். 50 ரூபாய் கேட்டால் 50, நூறு கேட்டால் நூறு, பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு நடந்து போவோம்.