இந்த ஆண்டும் நுவரெலியாதானாம்

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை மகள் புத்தகப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். கல்விச் சுற்றுலாவாம். கண்டி, பேராதனைப் பூங்கா, நுவரெலியா, ஹக்கலை. போன ஆண்டும் இதேதான். அதற்கு முந்தைய ஆண்டு பின்னவலை யானைகளைச் சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதிகாலை இரண்டு மணிக்குப் பாடசாலை வாசலில் நிற்க வேண்டும். கொண்டுவர வேண்டியவை: குளிராடை, இரண்டு நேரச் சாப்பாடு, வாந்திக்குப் பொலித்தீன் பை. கட்டணத்தைப் படித்ததும் அந்தப் பை எனக்கே தேவைப்பட்டது.

பிள்ளைகள் மலைநாட்டைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பார்க்கட்டும். ஆனால், "மகள், பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறாள். மட்டக்களப்பு நகரத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம்! 1913ஆம் ஆண்டிலிருந்து முகத்துவாரத்தில் 28 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. ஒளித்து வைக்கக்கூடிய பொருளா அது?

புளியந்தீவுக் கோட்டையைச் சொல்லுங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் கோட்டையே இதுதான். காலிக் கோட்டையைப் பற்றிக் கேட்டால் என் மகள் ஒரு பக்கம் எழுதுவாள், தன் ஊர்க் கோட்டையைப் பற்றி ஒரு வரி தெரியாது. அவளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எங்கள் தலைமுறைக்குக் கோட்டை என்றால் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம். கையொப்பத்துக்கும் முத்திரைக்கும் வரிசையில் நின்ற இடம். நானும் மணிக்கணக்காக நின்றிருக்கிறேன். சாய்ந்து நின்ற சுவரை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இன்னொன்று. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளைப் பற்றிப் பேசி, பேச்சுப் போட்டியில் கிண்ணம் வாங்கியவள் இவள். அடிகளின் சமாதி கல்லடியில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் போதும். போனதில்லை.

ஆத்திரத்தில் ஞாயிற்றுக்கிழமை நானே அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போய், கொக்கட்டிச்சோலை, மண்டூர் பார்த்துவிட்டு, அங்கிருந்து வாவியைக் கடந்து கிழக்குக் கரையான எழுவான்கரை வழியாகத் திரும்புவது திட்டம். பஸ் எத்தனை மணிக்கு என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று நேரம் சொன்னார்கள். நான்காவது நேரத்துக்கு வந்தது. மண்முனைப் பாலத்தில் போகும்போது, 2014க்கு முன்னர் இங்கே பாலமே கிடையாது, 'பாதை'யில்தான் கடப்போம் என்றேன். "தண்ணீரில் எப்படிப் பாதை?" என்று கேட்டாள். வாவிக்கரையில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வி இது! பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை என்று விளக்க வேண்டியிருந்தது.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலில், கோயிலை இடிக்க வந்த பறங்கியர் முன்னால் எழுந்து புல் தின்று சாணமும் இட்டதாகச் சொல்லப்படும் கல் நந்தியைப் பார்த்தாள். அந்தக் கதையை ஒரு பலகையில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? நாங்கள் நின்ற இடத்தில் அப்படியொன்றும் கண்ணில் படவில்லை. கற்பூரம் விற்றுக்கொண்டிருந்த ஆச்சிதான், நேற்று நடந்ததைப் போலக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மகள் வாய் பிளந்து கேட்டாள். அந்த ஆச்சி இல்லாத நாளில் வருகிறவர் எதைப் பார்த்துவிட்டுப் போவார்? கல் மாடு ஒன்றைப் பார்த்துவிட்டுப் போவார்.

மண்டூர் முருகன் கோயிலைச் சேர்ந்தபோது நடை சாத்தியாயிற்று. பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்யும் கோயில். கதிர்காமத்துக்குப் போக முடியாதவர்களின் கதிர்காமம். வெளியில் நின்று கும்பிட்டோம். பிறகு குருமண்வெளிக்குப் பாதை ஏறினோம். மோட்டார் சைக்கிள்கள், மீன் பெட்டி, பள்ளி மேலதிக வகுப்புக்குப் போகும் இரண்டு பையன்கள், நாங்கள். நடு வாவியில் காற்று முகத்தில் அறைந்தபோது மகள் சிரித்த சிரிப்பை எந்தப் பேராதனைப் பூங்காவிலும் நான் கண்டதில்லை. ஆனால் கரையில் ஒரு கழிப்பறையைத் தேடி அவள் பட்ட பாட்டை எழுதினால் பதிவு நாறும். விடுகிறேன்.

இவ்வளவு இருக்கிறது. இருந்தும் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவுகள் வந்து, "மச்சான், மட்டக்களப்பில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "இங்கே ஒன்றும் இல்லை, பாசிக்குடாவுக்குப் போவோம்" என்று சொல்வது யார்? நாம்தான்! முழங்கால் ஆழத்துத் தண்ணீரில் நின்று படம் எடுத்து, நண்டுக்கறி தின்று, கட்டித் தயிர்ச் சட்டியைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டு, ஊரைக் காட்டிவிட்டோம் என்று நினைக்கிறோம்.

பாடும் மீன்! வரவேற்பு வளைவில் மீன், மேடைக்கு மேடை 'மீன் பாடும் தேன் நாடு'. அந்த மீனின் பாட்டைக் கேட்டவர்கள் கையை உயர்த்துங்கள் பார்க்கலாம். பூரண நிலவில் பழைய கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் கேட்கும் என்பார்கள். அந்தப் பாலத்துக்கே 1924இலிருந்து வயது எண்ண வேண்டும். நான் அதில் எத்தனை ஆயிரம் தடவை போய்வந்திருப்பேன்! போன மாதம் ஒரு தோணிக்காரரிடம், பௌர்ணமிக்கு எங்களை ஏற்றிப்போக முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் உள்ளூர்தானே தம்பி, உங்களுக்கு எதற்கு?" என்றார்.

திங்கட்கிழமை வகுப்பாசிரியையிடம் பேசினேன். ஒரே ஒரு நாள், உள்ளூரில், பாதி கூடச் செலவாகாது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெற்றோர் சம்மதிக்க மாட்டார்கள்" என்றார். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் பார்த்தேன். ஒரேயொருவர் பெருவிரலை உயர்த்தினார். சற்று நேரத்தில் அதையும் அழித்துவிட்டார். அடுத்து வந்த செய்தி, பஸ்ஸில் யன்னலோர இருக்கை யாருக்கு என்பது பற்றியது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையொப்பமிட்டுப் பணத்தையும் கட்டிவிட்டேன். போன ஆண்டுக் குளிராடை மகளுக்குச் சிறிதாகிவிட்டதாம். இனி அதை வேறு வாங்க வேண்டும்.