பெரிய இன்டர்கூலர் எல்லாம் நல்ல இன்டர்கூலர் இல்லை

பழைய ஜப்பானிய டர்போ கார் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது இன்டர்கூலர் கிட், அதாவது டர்போ அமுக்கிய காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் குளிர்விக்கும் சாதனம். பம்பர் இடைவெளியில் பளபளவென்று தெரிய வேண்டும், பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

காற்றை அமுக்கினால் சூடாகும். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 1 பார் பூஸ்ட்டில் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்) டர்போவை விட்டு வரும்போது 110 டிகிரியை எட்டிவிடும். அதை அப்படியே எஞ்சினுக்குக் கொடுத்தால் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடிப்பது) வரும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இக்னிஷன் டைமிங்கைக் குறைக்கும், பிக்கப் போய்விடும். உதாரணத்துக்கு, 90 டிகிரிக் காற்றை 50க்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் சுமார் 12 சதவீதம் கூடுதல் காற்று உள்ளே போகும். இன்டர்கூலரின் அருமை அது.

சரி, குளிர்ந்தால் மட்டும் போதுமா? கோர் (இன்டர்கூலரின் நடுவே குழாய்கள் அடுக்கிய பகுதி) வழியாகப் போகையில் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று யாருமே கேட்பதில்லை. விழுந்ததை ஈடுகட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், காற்று மறுபடி சூடாகும். நண்பரின் நிசான் எஸ்14 சில்வியா காரில் இருந்த மலிவான கிட்டைக் கழற்றிப் பார்த்தேன். கோரின் முனையில் இருக்கும் பெட்டியான எண்ட் டேங்குக்குள் வெல்டிங் வழிந்து கட்டிதட்டியிருந்தது. ஓரத்துக் குழாய்கள் இரண்டின் வாய் பாதி அடைத்துக் கிடந்தது. வெளியே மட்டும் கண்ணாடி மாதிரி பாலிஷ்! பைப் நுனியில் ஹோஸைப் பிடித்து நிறுத்தும் மேடு கூட இல்லை. பூஸ்ட் ஏறியதும் ஹோஸ் கழன்று, இரண்டு தடவை நடுவழியில் நின்றார்.

காருக்குக் கார் தேவையும் வேறு. சுபாரு டபிள்யூஆர்எக்ஸில் இன்டர்கூலர் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது. வண்டி ஓடும்வரை பானெட் ஸ்கூப் (பானெட் மேலுள்ள காற்றுத் துளை) வழியே வரும் காற்று பார்த்துக்கொள்ளும், நின்றுவிட்டால் கீழிருந்து வரும் சூட்டை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். சில்வியாவிலும் ஜேஇசட்ஏ80 சுப்ராவிலும் பம்பர் மூலையில் சின்னதாக ஒன்று. இவற்றில் நல்ல ஃப்ரண்ட் மவுண்ட் (காரின் முன்பக்கம் நடுவில் பொருத்தும் இன்டர்கூலர்) போட்டால் பலன் நிச்சயம். லான்சர் எவல்யூஷனிலும் ஆர்32 ஜிடி-ஆரிலும் கம்பெனியே முன்னால் வைத்துக் கொடுத்திருக்கிறது. பூஸ்ட்டை ஏற்றாதவர் அதை எதற்கு மாற்ற வேண்டும்?

அப்புறம் ரேடியேட்டர். அதற்கு முன்னால் தடித்த கோரை நிறுத்தினால் கூலன்ட் சூடு ஏறத்தான் செய்யும். கோரைச் சுற்றியுள்ள சந்துகளைத் தகடு வைத்து அடையுங்கள், இல்லையென்றால் காற்று ஓரமாக நழுவிவிடும்.

கிட் போட்டவர்கள், மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த வெப்பநிலை, அழுத்த அளவுகளைக் கமென்ட்டில் போடுங்கள். பெட்டியில் அச்சிட்ட குதிரைத்திறன் கணக்கு வேண்டாம்.