ஐந்துக்கு 3.4

ஆசிரியர்களுக்கு மாணவர்கள் மார்க் போடும் ஃபீட்பேக் இந்த செமஸ்டருக்கும் வந்துவிட்டது. எனக்கு ஐந்துக்கு 3.4. போன தடவை 4.3. பாடம் அதேதான், நடத்தியதும் அதே ஆள்தான். மாறியது ஒன்றே ஒன்று, இந்த முறை கணக்கை நானே போட்டுக் காட்டாமல் மார்க்கரை மாணவர்கள் கையில் கொடுத்தேன். ஒரு பையன் பாதியில் சிக்கிக்கொண்டு மார்க்கர் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றான், நானும் வாயைத் திறக்கவில்லை, வகுப்பே நெளிந்தது, நாலு நிமிஷம் கழித்து மைனஸ் குறி விட்டுப்போனதை அவனே கண்டுபிடித்தான். அந்த வகுப்பிலிருந்து வந்த கமென்ட்: "சார் எதுவும் நடத்துறதில்ல, எங்களையே செய்யச் சொல்றார்."

சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலித்தது. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. தானே முட்டிமோதிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். வழவழவென்று ஓடும் லெக்சரைக் கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. அந்த "மாதிரி"க்குத்தான் நாம் மார்க் வாங்குகிறோம்.

1973-இல் வெளியான 'டாக்டர் ஃபாக்ஸ்' கதை தெரியும்தானே? ஒரு நடிகருக்கு டாக்டர் பட்டம் ஒட்டி, உள்ளே சரக்கே இல்லாத உரை ஒன்றை உற்சாகமாகப் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் மனநல மருத்துவர்களும் கல்வியாளர்களும். நல்ல மதிப்பீடு கொடுத்துவிட்டுப் போனார்கள். பதினெட்டு வயசுப் பிள்ளைகளை மட்டும் என்ன குறை சொல்வது!

சரி, கருத்தை விடுவோம், கண்ணால் பார்த்ததையாவது சரியாகச் சொல்வார்களே என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். 2015-இல் ஒரு ஆன்லைன் பாடத்தில் ஆசிரியரின் பெயரை ஆண், பெண் என்று மாற்றிப் பார்த்தார்கள். விடைகளைத் திருத்தித் தந்தது ஒரே நேரத்தில்தான். ஆனாலும் "நேரத்துக்குத் தந்தாரா?" என்ற கேள்விக்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. மாணவர்கள் நாற்பத்துச் சொச்சம் பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் "சிரிக்கவே மாட்டேங்கிறாங்க" என்ற கமென்ட் எனக்கு ஒருமுறைகூட வந்ததில்லை, பக்கத்து அறை மேடத்துக்கு வருஷா வருஷம் வருகிறது. நானும் ஒன்றும் சிரித்த முகம் இல்லை.

அப்புறம் அந்தச் சராசரி. பாதிப்பேர் 5, பாதிப்பேர் 1 போட்டாலும் மூன்று, எல்லோரும் 3 போட்டாலும் மூன்று. இதை வைத்து ஒருவருக்குப் பதவி உயர்வு கொடுப்பதும் மறுப்பதும் என்ன நியாயம்? கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018-இல் நடுவர் தெளிவாகவே சொல்லிவிட்டார், பதவி உயர்வுக்காகக் கற்பித்தல் திறனை அளக்க இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது என்று. மற்ற இடங்களில் தசமப் புள்ளி வரைக்கும் போட்டு இன்னும் ரேங்க் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர்களைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகு கேட்டு என்ன பிரயோஜனம் என்கிறேன். அதனால் இப்போதெல்லாம் பாதி செமஸ்டரிலேயே பெயர் போடாத துண்டுச்சீட்டு வாங்கிக்கொள்கிறேன். "எந்த இடத்தில் விட்டுப்போச்சு?" என்று ஒரே கேள்வி. போன முறை ஒரு சீட்டில் "உங்க 1-உம் 7-உம் ஒரே மாதிரி இருக்கு" என்று இருந்தது. வகுப்பு கலைந்ததும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து போர்டைப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை, அது ஒன்றா ஏழா என்று.