முழுசாகப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரி மொட்டைமாடியில் நண்பர்கள் நாம் கூடிப் படம் பார்த்தபோது நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் சிரித்து எடுத்த அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றி என் வாட்ஸப்புக்கே வந்து சேர்ந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? "பழைய படம் ஒண்ணு கொண்டு வா" என்று கேட்டது நீங்கள். 'ஜெகன்மோகினி' என்ற பேய்ப் படத்தைக் கொண்டுவந்தேன். கால் மணி நேரம்கூட ஓடவில்லை, நிறுத்திவிட்டு ஏதோ ஈரானியப் படம் போட்டீர்கள். போடுங்கள், அதுவும் நல்ல படம்தான். அதற்கு முன்னால் அந்தச் சிரிப்பு எதற்கு? "லோக்கல் சேனல் ரசனை" என்று வீடியோவுக்கு ஒரு தலைப்பு வேறு.

நான் கேட்பது ஒன்றுதான். முழுசாகப் பாருங்கள், அப்புறம் சிரியுங்கள்.

தந்திரக் காட்சி மட்டமாம். இருக்கட்டுமே. 1954-இல் வந்த காட்ஸில்லா யார்? ரப்பர் உடுப்புக்குள் வெந்துகொண்டு நடந்த ஒரு மனிதர், அவர் காலடியில் பொம்மை டோக்கியோ. அதற்குப் புத்தகம் புத்தகமாக ஆராய்ச்சி. 1978-இல் அந்த 'ஜெகன்மோகினி'யில் இயக்குநர் விட்டலாச்சார்யா ஒரு பேயை அடுப்புக்குள் காலை நீட்டவைத்து, அதையே விறகாக எரித்துச் சமைக்கவைத்தால் அது மீம். உடுப்பு ஜப்பானில் தைத்தால் கலை, நம் பக்கம் தைத்தால் கேலி! 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்காரர்களோடு சேர்ந்து எடுத்த 'காடு' படத்தில் நம் யானைகளுக்கே முடி ஒட்டி, ஆதிகால மம்மூத் ஆக்கினார்கள். அதைப் பார்த்தால் எனக்கும் சிரிப்பு வரும். பார்த்தால்.

லோக்கல் சேனலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுத்த அண்ணன், ஒரு டெக்கையும் பீரோ நிறைய கேசட்டையும் வைத்துக்கொண்டு நடத்தினார். மத்தியானம் என்ன ஓடும் என்று அவருக்கே தெரியாது. பாம்புப் படம், பேய்ப் படம், தமிழ் பேசுகிறவர்களைத் துரத்தும் ராட்சசப் பல்லி, அடியில் ஜவுளிக்கடை விளம்பரம். டேப் சிக்கினால் யாராவது அவர் வீட்டுக்கு ஓடுவோம். அம்மா, பெரியம்மா, பக்கத்து வீட்டு அத்தை எல்லாரும் மடியில் முறத்தோடு எங்கள் வீட்டில்தான். கை பாட்டுக்குப் பீடி சுற்றும், கண் டிவியில் இருக்கும். அந்த அடுப்புக் காட்சி வந்ததும் பெரியம்மா, "வெறகு விக்கிற வெலைக்கு எனக்கு இப்பிடி ஒரு காலு இருந்தா ஆவாதா?" என்றார். வீடே குலுங்கியது. அதுவும் சிரிப்புதான். ஆனால் கடைசி சீன் வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் கட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும், இலை தூள் குறைந்தால் கூலியில் பிடிப்பார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே தியேட்டர் அது.

"மூடநம்பிக்கையை வளர்க்கும் படம்" என்கிறார் ஒரு நண்பர். ஐயா, எங்கள் தெருவில் யாரும் காலை அடுப்பில் வைக்கவில்லை. "பெண்களைக் காட்டிய விதம்?" சரி, அதில் சண்டைக்கு வரமாட்டேன், அந்த நடனங்களின்போது பெரியம்மாவே முகத்தைத் திருப்பிக்கொள்வார். "அந்தக் கேபிள்காரர் உரிமை வாங்கியா போட்டார்?" வாங்கியிருக்க மாட்டார். அடுத்த கேள்வி?

"வெறும் பழைய நினைப்பு" என்றார் இன்னொருவர். இருக்கட்டும். ஓடிடியில் ஒன்றரை மடங்கு வேகத்தில், கையில் போனோடு, பாதியில் தூங்கிப்போகிற நீங்கள் எனக்கு ரசனை வகுப்பு எடுக்காதீர்கள்.

உண்மையில் தந்திரக் காட்சி பற்றிய கவலையே எனக்கில்லை. "பீடிக்காரத் தெரு டேஸ்ட்" என்று கமெண்டில் எழுதிவிட்டு, பத்து நிமிஷத்தில் அழித்தீர்களே, என்னிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அந்தத் தெருதான். அந்தக் கூலியில் படித்துத்தான் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதெல்லாம் என் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்துச் சாப்பிடும்போது டேஸ்ட் நன்றாகத்தானே இருந்தது?

என் பென்டிரைவ் இன்னும் உங்கள் லேப்டாப்பில்தான் செருகியிருக்கிறது. வியாழக்கிழமை காட்பாடி வருகிறேன், எடுத்து வையுங்கள். அதற்குள் நேரம் கிடைத்தால் மீதிப் படத்தையும் பார்த்துவிடுங்கள்.