கதவைப் பூட்டட்டோ?

போன கிழமை மகள் உறுதிப்பூசுதல் (ஞானஸ்நானம் எடுத்த பிள்ளை வளந்தாப் பிறகு தன்ர வாயால விசுவாசத்தை உறுதிப்படுத்துற சடங்கு) வகுப்பால வந்தவள் சைக்கிளைக்கூட ஒழுங்கா நிப்பாட்டாம கேட்டாள், "அப்பா, எனக்கு ஞானஸ்நானம் குடுக்கேக்க என்னட்டை ஆராவது கேட்டவையோ?" மூண்டு மாசப் பிள்ளையிட்ட என்னத்தைக் கேக்கிறது எண்டன். "இப்ப கேக்கினம்தானே, அப்ப நான் வேண்டாம் எண்டும் சொல்லலாமோ?" நான் யோசிக்காம ஓம், சொல்லலாம் எண்டிட்டன். குசினிக்குள்ள அகப்பைச் சத்தம் நிண்டுது. மனிசி அண்டைக்கு இரவு என்னோட கதைக்கேல்லை, சொதியிலயும் உப்புக் கூட.

ஆனா நான் சொன்னது பிழை எண்டு இன்னும் எனக்குப் படேல்லை, அதான் எழுதுறன், நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ. வேண்டாம் எண்டு சொல்ல ஏலாத இடத்தில சொல்லுற ஓமுக்கு என்ன பெறுமதி இருக்கு?

2009இல சண்டையால இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிக்குளம் முகாமில இருந்தவைக்குத் தெரியும், தண்ணிக்கு லைன், மாவுக்கு லைன், கக்கூசுக்கும் லைன். எங்கட தறப்பாளுக்கு ஒருத்தர் வந்து போவார், ஆர் எண்டு சொல்லமாட்டன், அந்தாள் உண்மையா நல்ல மனுசன்தான். பால்மா பக்கெற், சீனி, சவுக்காரம் எல்லாம் தருவார், தந்திட்டு நாலு மணிக் கூட்டத்துக்கு வாங்கோ எண்டுவார். பக்கத்துக் கொட்டில்ல இருந்த ஒரு சைவக்கார அம்மா நெத்தியில இருந்த திருநீறைச் சீலைத் தலைப்பால துடைச்சுப்போட்டு அந்தக் கூட்டத்துக்குப் போனதை நான் கண்ணால கண்டனான். பேரப்பிள்ளைக்குப் பால்மா வேணும். அண்டைக்கு எனக்கு வந்த வெக்கம் இண்டைக்கும் இருக்கு, ஏனெண்டா நானும் கிறிஸ்தவன்.

யோவான் எழுதின நற்செய்தி ஆறாம் அதிகாரத்தை ஒருக்கா ஆறுதலா இருந்து வாசிச்சுப் பாருங்கோ. இயேசு ஐயாயிரம் பேருக்குச் சாப்பாடு குடுக்கிறார், அடுத்த நாளும் சனம் தேடிக்கொண்டு வருது. அவர் சந்தோசப்படேல்லை, நீங்கள் அப்பம் திண்டு வயிறு நிரம்பினபடியாத்தான் தேடுறியள் எண்டு முகத்துக்கு நேர சொல்லுறார். பேந்து கதை கடினமாகக் கடினமாக கனபேர் எழும்பிப் போகினம், ஒருத்தரையும் மறிக்கேல்லை, கடைசியா அந்தப் பன்னிரண்டு பேரையும் பாத்து நீங்களும் போகப் போறியளோ எண்டு கேக்கிறார். சாப்பாட்டைக் குடுத்திட்டு ஆளைப் போகவிடுறவர் அவர். நாங்கள் என்னடா எண்டா சாப்பாட்டைக் குடுத்திட்டு ஆளைப் பிடிச்சு வைக்கிறம்.

இது புதுசும் இல்லை. 1658இல மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடிச்ச ஒல்லாந்தர், உத்தியோகம் வேணுமெண்டா தங்கட புரட்டஸ்தாந்து சபையில ஞானஸ்நானம் எடு எண்டவை. இதில எனக்குச் சிரிப்பு என்னெண்டா, அவையின்ர சபைதான் 1618, 19இல டோர்ட் எண்ட ஊரில கூடி, மனுசன் தன்ர பலத்தில கடவுளைத் தெரிவு செய்ய ஏலாது, கடவுள்தான் முந்தியே ஆளைத் தெரிவு செய்யிறார் எண்டு தீர்மானம் போட்டது. கடவுள் தெரிவு செய்த ஆளுக்கு ஏன் ராசா உத்தியோகத்தைக் காட்டி ஆசை காட்டவேணும்? அவை போன கையோட எழுதின பேர்களில கனபேர் கோயிலுக்குத் திரும்பிட்டினம். அதே ஒல்லாந்தருக்குப் பயந்து 1670இல மாந்தையில இருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள ஓடின கொஞ்சக் குடும்பங்கள் வைச்சதுதான் இண்டைக்கு மடு மாதா கோயில், அந்த மண் இருந்தா பாம்பு அண்டாது எண்டு சனம் நம்புது. எங்கட கத்தோலிக்க ஆக்களும் சுத்தம் இல்லை, போர்த்துக்கீசர் கோயில்களை இடிச்சதை மறைக்க ஏலாது. 1965இல இரண்டாம் வத்திக்கான் சங்கம் விசுவாசத்தில ஒருத்தரையும் கட்டாயப்படுத்தக் கூடாது எண்டு அறிக்கை விட்டுது, அதைச் சங்கம் கூடிச் சொல்ல இவ்வளவு காலம் எடுத்திருக்கு பாருங்கோ.

சரி, அப்ப நான் தெரிவு செய்தனானோ? உண்மையைச் சொன்னா தெரியாது. ஷெல் விழேக்க பங்கருக்குள்ள செபமாலை சொன்னம், பக்கத்துப் பங்கருக்குள்ள தேவாரம் கேக்கும், அது பயம், தெரிவு எண்டு சொல்லமாட்டன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு ஒரு நாள், கூரை இல்லாத வீடு, அம்மா பால்மா ரின்னைக் கவிட்டு அதில மெழுகுதிரி கொளுத்தினா. பயம் முடிஞ்சுது, கேக்கவும் ஒண்டும் இல்லை, கேட்டதெல்லாம் போயிட்டுது. எழும்பிப் போயிருக்கலாம். முழங்காலில இருந்தன். அதுகூட என்ர கெட்டித்தனமோ தெரியாது, நீங்கள் என்னைத் தெரிவு செய்யேல்லை, நான்தான் உங்களைத் தெரிவு செய்தனான் எண்டு இயேசுவே சொல்லியிருக்கிறார். கூப்பிடுறது அவர், கேக்காத மாதிரி இருக்க எனக்கு ஏலும், இவ்வளவுதான் எனக்கு விளங்கினது. பெரிய படிப்புப் படிச்ச சுவாமிமார் கொமென்ற்ஸில வந்து திருத்துங்கோ.

அக்கா அந்த மெழுகுதிரிக்குக் கிட்ட வரேல்லை. கடைசிச் சண்டையில மாத்தளனில அவவின்ர மூத்தவன் செத்துப்போனவன். அதுக்குப் பிறகு பூசை இல்லை, செபம் இல்லை. சொந்தக்காரர் எல்லாரும் புத்தி சொன்னவை, ஒரு மாமி நரகத்தையும் இழுத்தா. அம்மா மட்டும் வாய் திறக்கேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு வாசலில நிண்டு ஒரே ஒரு கேள்விதான், "பிள்ளை, கதவைப் பூட்டட்டோ?" அக்கா உள்ளுக்க இருந்து, "வேண்டாம், திறந்து விடுங்கோ, நான் நிக்கிறன்." சாகும் வரைக்கும் அம்மா இதைக் கேட்டவ, ஒரு நாள் கூட ஏன் வரேல்லை எண்டு கேக்கேல்லை.

இப்பவும் அக்கா பூசைக்கு வாறேல்லை. ஆவணித் திருநாளுக்கு மடுவுக்கு வான் பிடிச்சுப் போகேக்க மட்டும் கூட வருவா, மரத்துக்குக் கீழ தறப்பாள் கட்டி எங்கள் எல்லாருக்கும் சமைப்பா, கோயில் பக்கம் திரும்பமாட்டா. போன வருசம் நாங்கள் சுற்றுப்பிரகாரத்துக்கு வெளிக்கிட, கரண்டியைக் கழுவிக்கொண்டு நிண்டவ பின்னால கூப்பிட்டா.

"தம்பி, வரேக்க மடு மண் கொஞ்சம் அள்ளிக்கொண்டு வா. கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு விரியன் திரியுது. அதுக்குத்தான், வேற ஒண்டுக்கும் இல்லை."

ஓம் அக்கா எண்டன். லேஞ்சியில முடிஞ்சு கொண்டுவந்து குடுத்தன்.